காணிக்கைக் கலயம்

சம்பளம் வந்த அன்றே மாதத்தைப் பங்கு போட்டுவிடுவாள் சாலோமி. அவள் புருஷன் ஞானசிகாமணி பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் உபாத்தியாயர். அவருக்குக் கரும்பலகைக் கணக்கோடு சரி. வீட்டுக் கணக்கு முழுக்க இவள் தலையில்தான். அரிசிக்கு, விறகுக்கு, எண்ணெய்க்கு, பாலுக்கு என்று பணத்தைப் பழைய சேலைத் துணியில் தனித்தனியாக முடிந்து வைப்பாள். ஒரு முடிச்சை அவிழ்த்து இன்னொன்றுக்குச் செலவழிக்க மாட்டாள். அத்தனை கெட்டிக்காரிக்கும் மாதக் கடைசியில் அரிசிப் பானை காலியாகிவிடும். ஐரோப்பாவில் சண்டை மூண்டு அரிசி விலை ஏறிய பிறகு இன்னும் மோசம்.

அந்த மாதம் பிள்ளைகள் இருவரும் பசியில் அழுதார்கள். அடுப்பங்கரை மூலையில் காணிக்கைக் கலயம் இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை அதில் போடுவது சபைப் பெண்களின் வழக்கம். சம்பளம் வந்ததும் திருப்பிப் போட்டுவிடலாம் என்று அதிலிருந்து அள்ளிச் சமைத்துவிட்டாள்.

காணிக்கை அரிசி வாங்க வரும் சாரம்மாள் சம்பளத்துக்கு முந்தியே வந்து நின்றாள். சாலோமி பயந்துபோனாள். கர்த்தருடையதைத் திருடியவள் என்று பெயராகிவிடும். மிஷன் பள்ளி என்பதால் புருஷனுடைய வேலையும் சபைக் குருவானவர் கையில்தான் இருந்தது.

சாரம்மாள் கலயத்தைச் சாக்கில் கவிழ்த்தாள். கொஞ்சம்தான் விழுந்தது.

"என்ன தாயி, போன மாசம் கழுத்து மட்டுக்கும் இருந்துச்சே? குருவானவர் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"அடுத்த மாசம் சேத்துப் போட்டிருதேன்க்கா. குருவானவருக்கு மட்டும் தெரியாண்டாம்."

சாரம்மாள் சாக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். குருவானவரிடம் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குருவானவர் இவள் பக்கம் திரும்பியபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்பளம் வந்து, முடிச்சுப் போட உட்கார்ந்தபோதுதான் பொறி தட்டியது. கர்த்தருக்குக் கொடுப்பதை எண்ணிப் பார்ப்பது பாவம் என்று, கைப்பிடி அரிசியை அவள் கணக்கில் சேர்த்ததே இல்லை. பயந்து பயந்து அதைப் படியில் அளந்து மாதத்துக்குக் கூட்டினாள். மாதாமாதம் துண்டு விழுந்தது அங்கேதான். இப்போது எடுத்ததையும் திருப்ப வேண்டும். விறகைக் குறைக்க முடியாது. எண்ணெய் ஏற்கெனவே சொட்டுச் சொட்டுத்தான். பிள்ளைகளின் பாலில் கை வைக்க மனசு வரவில்லை.

"நீ சாப்பிடலியா?" என்றார் ஞானசிகாமணி அன்று ராத்திரி.

"நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்."

அந்த மாதம் முழுக்க அதையே சொன்னாள். சாரம்மாள் வந்த அன்று கலயம் கழுத்து வரை நிறைந்திருந்தது. அவளே அதைத் தூக்கிச் சாரம்மாள் சாக்கில் கவிழ்த்தாள்.