தொண்டையில் எலும்பு இல்லீங்க

நாய்க்கும் பூனைக்கும் மூளைக்குள் வைரஸ் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அந்தப் பிராணியைத் தூக்கிக்கொண்டு வந்தவரை நம்பவைப்பது அதைவிடக் கஷ்டம். திண்டிவனத்தில் கால்நடை கிளினிக் வைத்திருக்கிறேன். நீங்கள் டீச்சராகவோ நர்ஸாகவோ இருந்தால் என் பாடு சொல்லாமலே புரியும்.

தள்ளாடும் குட்டி

குயிலாப்பாளையத்திலிருந்து ஓர் அம்மா கூடையில் பூனைக்குட்டியோடு வந்தார். குட்டி பால் தட்டை நோக்கி நடந்தால் அதைத் தாண்டிப் போய் விழுந்தது. நல்ல பசி, நல்ல தெளிவு. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே இப்படித்தானாம். தாய் சினையாக இருந்தபோது வைரஸ் தாக்கி, குட்டியின் சிறுமூளை வளராமல் போயிருக்க வேண்டும். "வலிக்காது, இதுக்கு மேல மோசமாவும் ஆகாது. மருந்து கிடையாது, தேவையும் இல்ல" என்றேன், நல்ல சேதி சொன்ன திருப்தியோடு. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ரெண்டு பஸ்சு மாறித் தூக்கிக்கினு வந்திருக்கேன், ஒரு டானிக்காவது எழுதக் கூடாதா மேடம்?"

ஊசி போட்டாச்சு

மரியதாஸ் விழுப்புரத்தில் தச்சுவேலை செய்பவர். அவருடைய ஐந்து மாத நாய்க்கு முதலில் கண்ணிலும் மூக்கிலும் சீழ். பிறகு முன்னங்கால் ஒன்று தூக்கத்தில்கூட வெட்டி வெட்டி இழுத்தது; வாய் ஒன்றுமில்லாமலே மென்றது. நாய்களின் மூளைவரை போகும் டிஸ்டெம்பர் வைரஸ்தான்.

"ஊசி போட்டீங்களா?"

"போட்டாச்சு மேடம்."

"எந்த ஊசி?"

"நாய் ஊசி."

அட்டையைப் பார்த்தால் வெறிநோய்த் தடுப்பூசி மட்டும். இதற்கு வேறு ஊசி என்று கால் மணி நேரம் விளக்கினேன். பிழைப்பது சந்தேகம் என்றும் சொன்னேன். அவர் விடவில்லை. ஒரு மாதம் வேலைக்குப் பாதி நாள்தான் போனார், தன் கையால் கஞ்சி ஊட்டினார். நாய் பிழைத்தது, கால் துடிப்பு மட்டும் போகவில்லை. போன வாரம் புதுக்குட்டி ஒன்றோடு வந்தார். சந்தோஷமாகத் தடுப்பூசியை எடுத்தேன். கையைக் காட்டித் தடுத்தார்.

"வீட்ல ஒண்ணுக்கு வந்துட்டுப் போயிடுச்சே மேடம், திரும்பவுமா வரும்?"

ஏழுமலையின் கை

ஒலக்கூர் பக்கத்து விவசாயி ஏழுமலை, நாயைச் சாக்கில் சுற்றி மருமகளோடு வந்தார். நாயின் தாடை தொங்கியது, எச்சில் ஒழுகியது. "கோழி எலும்பு மாட்டிக்கினு இருக்குது. கைய வுட்டுப் பாத்தேன், ஆப்டல" என்றார். அந்தக் கையில் முள் கீறல். வெறிநோயிலும் தாடை இப்படித்தான் தொங்கும். உறுதியாகச் சொல்ல நாய் செத்த பிறகு மூளையைச் சோதிக்க வேண்டும். மனுஷர்கள் அதுவரை காத்திருக்க முடியாது.

கையைச் சோப்பு போட்டுக் கழுவவைத்து, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"கடிக்கவே இல்லியே மேடம்."

"எச்சில் கீறல்ல பட்டாலே போதுங்க."

அரை மணி நேரம் வாதாடினார். வாசலில் நின்ற மருமகள்தான் முடித்துவைத்தாள். "நானும் அதுக்குத் தண்ணி ஊத்தினேன், என் வெரல்லயும் காயம் இருக்குது. வாங்க மாமா, ரெண்டு பேரும் போலாம்."

நாயைத் தனியாக அடைத்துவைத்தேன். மூன்றாம் நாள் செத்தது. சோதனையில் வெறிநோய் என்றே வந்தது. இருவரும் ஊசியை ஒன்றுவிடாமல் போட்டு முடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி ஊசி முடிந்து ஏழுமலை நேராக என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"எல்லாம் சரிதான் மேடம், தொண்டைய ஒரு தரம் டார்ச் அடிச்சுப் பாத்திருக்கலாம் நீங்க."

இத்தனை வருஷமாக வைரஸ்களோடு மல்லுக்கட்டுகிறேன். அவை ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.