தப்பு அண்ணன்

என் தாய்மாமாவை யாராவது ‘தங்கமான மனுஷன்’ என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். தங்கமாம் தங்கம்! ஷார்ஜாவில் அவர் கடை திறந்த அன்று அந்தத் தங்கம் செய்த காரியத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அப்போது எனக்கு ஏழு வயது.

அப்பா ராஸ் அல் கைமா மலையில் ஒரு கல் குவாரியின் கேம்ப் பொறுப்பாளர். ஆட்களின் பாஸ்போர்ட்டும் லீவும் அவர் கையில். வெள்ளிக்கிழமைகளில் எங்களையும் மலைக்குக் கூட்டிப் போவார். புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். ஊரில் மேளக்காரர்கள், இங்கே கல் உடைக்கும் கிரஷரில் தூசி தின்கிறவர்கள். அட்டைப்பெட்டிகளைக் கொளுத்தி, மேளத் தோலைக் காய்ச்சி, பாறை நிழலில் நின்று அடிக்க ஆரம்பித்தால் எதிர்மலையும் சேர்ந்து அடிக்கும். நான் ஆடுவேன். அம்மா ‘ஸ்டாப் இட்’ என்பாள். ஆனால் அவள் காலும் தாளம் போடும்.

அவர்களில் தப்பு அடிக்கிறவரை நான் தப்பு அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் திட்டுவதுகூட இங்கிலீஷில்தான். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே தப்பு அவர் தோளில் தொங்கிய அந்த வட்டத் தோல்தான்.

மாமாவின் கடைத் திறப்புக்கு அவர்களை வேனில் ஏற்றி வந்தார்கள். வாசலில் வாழைமரம், உள்ளே ஏசி, சந்தனம், கல்கண்டு. மேளக்காரர்களுக்கு மட்டும் வெளியே வெயில். விருந்தினர்கள் வரத் தொடங்கும் நேரத்தில் அண்ணனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அவருடைய அம்மா இறந்துவிட்டார். இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அவர் அப்பாவிடம் ஓடிவந்து கைகூப்பியதை மட்டும் பார்த்தேன்.

“சார், ஊருக்குப் போகணும் சார். நாளைக்குள்ள போயிட்டா முகத்தைப் பாத்துருவேன்.”

அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா குறுக்கே வந்தார். “போகலாம்ப்பா, யாரு வேணாம்னா? நல்ல காரியம் நடக்குது, முதல்ல அடிச்சு முடி. சாயங்காலமே மாப்பிள்ளை பாஸ்போர்ட்டைக் குடுத்துருவாரு. யல்லா, யல்லா, சீக்கிரம்!”

பெற்ற தாய் பிணமாகக் கிடக்கிறாள், இந்த மனுஷனுக்கு மேளம் கேட்கிறது! அண்ணன் போய்த் தப்பை மாட்டிக்கொண்டார். கல்யாண அடி அடித்தார், சாமி அடி அடித்தார். ரிப்பன் வெட்டும்போது திடீரென்று அடி மாறியது. நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்குக் கால் நிற்கவில்லை, ஆடிவிட்டேன். பெரியவர்கள் முகமெல்லாம் வெளுத்துப் போனது. அது சாவு அடி. வேண்டுமென்றே அடித்தாரா, கை தானாகப் போனதா, எனக்குத் தெரியாது. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

“அடப்பாவி, கடை வாசல்ல சாவு மோளமா!” என்று மாமா அவர் கையிலிருந்த குச்சிகளைப் பிடுங்கி எறிந்தார். அண்ணன் திடுக்கென்று விழித்தார். “நெனப்பு ஆத்தா மேல போயிருச்சுய்யா” என்று கும்பிட்டார். கூட்டம் முணுமுணுத்தது. பாவம் என்று ஒருவர் சொல்லக் கேட்டதும் மாமா சட்டென்று என்னைத் தூக்கிக்கொண்டார். “பாப்பா, நீ சொல்லு. இவன் அடிச்சது தப்புதானே?”

இது ஒரு கேள்வியா? “ஆமா மாமா, தப்புதான்!” என்று பெருமையாகச் சொன்னேன். அண்ணனைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

“பாத்தீங்களா, பச்சைப் புள்ளைக்குக் கூடத் தெரியுது. கலாஸ், முடிஞ்சுது. லீவும் இல்ல ஒண்ணும் இல்ல. மாப்ளே, பாஸ்போர்ட்டைக் குடுத்தீருன்னா, அப்புறம் நம்ம உறவு இருக்காது.”

மச்சானைப் பகைத்துக்கொள்ள அப்பாவுக்குத் துணிவு இல்லை. மாமா மீது எனக்கு இருக்கும் கோபத்தில் சரிபாதி அப்பா மீதும் இருக்கிறது. பிள்ளையின் வாயைப் பிடுங்கித் தீர்ப்பு எழுதிக்கொண்டவர் ஒருவர், வாயிருந்தும் மூடிக்கொண்டவர் இன்னொருவர். இதில் கல்கண்டு வேறு கொடுத்தார்கள், நானும் தின்றேன்.

அதற்குப் பிறகு மலைக்குப் போனபோது அண்ணன் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றிருந்தார். தலை மழுமழுவென்று மொட்டை. மீசையும் இல்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் சித்தி மகன் ஊருக்குப் போய்விட்டு இப்படித்தான் மொட்டையோடு வந்தான், பழநியிலிருந்து டப்பாவில் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்தான்.

“ஹை! ஊருக்குப் போயிட்டு வந்துட்டீங்களா அண்ணா? எனக்குப் பஞ்சாமிர்தம் எங்க?” என்று கையை நீட்டினேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா காருக்குள் எதையோ தேடினார்.

“அடுத்த தடவ கொண்டாறேன் பாப்பா” என்றார் அண்ணன்.

மறந்துவிடக் கூடாது என்று விரலை ஆட்டி மிரட்டிவிட்டு, நான் விளையாடப் போனேன்.