நுனியில்லாத பூக்கள்

விஜயநகர காலத்துச் சிற்பங்களில் உடை என்பதுதான் என் ஆராய்ச்சி. காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் மண்டபத் தூணில் இருந்த பெண் சிலையின் சேலையை மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். அதில் ஒரு வரிசைப் பூக்கள் மட்டும் நுனியில்லாமல் குட்டையாக இருந்தன. சிற்பியின் கவனக்குறைவு என்று நினைத்து, என் படத்தில் அவற்றையும் முழுப் பூக்களாகவே போட்டுவிட்டேன்.

புதுச் சேலைக்கு டிசைன் தேடி, தூண்களைப் போனில் படமெடுத்துக்கொண்டிருந்த நெசவுக்காரப் பெண் ஒருத்தி என் படத்தை எட்டிப் பார்த்தாள்.

“இந்த வரிய ஏன் மேடம் மாத்திட்டீங்க?”

“உளி தப்பு. அதான் சரிபண்ணிட்டேன்.”

“உளி தப்புன்னா ஒரு பூவோட நின்னுடும் மேடம். இது கொசுவத்துக்குள்ள போயி அந்தாண்டையும் அதே வரியில வந்துக்கினு இருக்குது பாருங்க. தறியில குறுக்கு இழை விட்டுப்போனா இப்படித்தான் சேலை அகலத்துக்கும் பூ குட்டையாயிடும். நானே போன வாரம் விட்டேன்.”

மடிப்பு மடிப்பாக விரலை வைத்துக்கொண்டே போனேன். சிலை தூணோடு சேரும் இடம் வரை அந்த வரிசை ஓடியது. நிஜமாகவே ஒரு சேலை அந்தச் சிற்பியின் எதிரே இருந்திருக்கிறது. அதை நெய்தவர் ஒரு கணம் எங்கோ பார்த்திருக்கிறார். அந்தக் கணத்தைச் சிற்பி பூப்பூவாகக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்.

நான் அதைத்தான் திருத்தியிருந்தேன்.