முகம் இரண்டாவது, குரல் நான்காவது

நான் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். கிள்ளானில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் என் எடிட்டிங் அறை. இருபது வருடமாக இதே வேலை. இந்தத் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளம் சரியாகப் பதிவாகவில்லை என்றால், வேறு கல்யாணத்தின் கெட்டிமேளத்தை எடுத்துப் போட்டுவிடலாம். செராஸில் வாசித்த மேளம் தெலுக் பங்லிமா காராங் மண்டபத்தில் ஒலிக்கும். பெண் வீட்டார் பார்த்துக் கண் கலங்குவார்கள். மேளக்காரரின் கை ஒரு பக்கம் போக, சத்தம் இன்னொரு பக்கம் போகிறதே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் மாப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் அங்கேதான் பார்ப்பேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் மகள் விஷயத்தில் நான் செய்ததைப் பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ரொம்ப நாள் பார்த்தேன். அது பழக்கதோஷம் இல்லை. தெரிந்தே செய்தது.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஏழு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்கிறாள். எனக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. சுதி சேர்ந்திருந்தால் நன்றாக இருக்கிறது என்பேன், சேராவிட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவளுக்கு ஒரு பேர் உண்டு என்பது எனக்கும் தெரியும். குரலில் அவளை மிஞ்சியவர்கள் வகுப்பில் நாலு பேர் இருந்தார்கள். தாளத்தில் யாரும் இல்லை. சின்னப் பிள்ளைகள் பாடும்போது பாட்டு டீச்சர் இவளைத்தான் முன்னால் உட்கார வைத்துத் தாளம் போடச் சொல்வார். இவள் கையைப் பார்த்து அந்தப் பொடிசுகள் பாடும். வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட இடது கை தொடையில் தட்டிக்கொண்டிருக்கும். அதற்காக என்னிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறாள்.

இளம் இசைக் கலைஞர்களுக்கான அனைத்துலக இணையப் போட்டி ஒன்று வருகிறது என்று டீச்சர்தான் வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டார். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், லண்டன், டொரோண்டோ என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் கலந்துகொள்கிறார்கள். ஒரு பாட்டு, கற்பனாஸ்வரத்தோடு. பக்கவாத்தியம் கூடாது, தம்புரா மட்டும் போதும். கேமராவில் முகமும் தாளம் போடும் கையும் தெரிய வேண்டும். ஒரே மூச்சில் பாடியதாக, வெட்டு ஒட்டு இல்லாததாக இருக்க வேண்டும். அதற்குப் பெற்றோர் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னாலேயே ரயில் தண்டவாளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி ஆஸ்பத்திரிக்கு ஷிஃப்டுக்குப் போன பிறகு, ஜன்னல்களை எல்லாம் மூடி, மெத்தையைத் தூக்கி ஜன்னலோரம் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவை ஆரம்பித்தோம். பட்டுப்பாவாடையில் பிள்ளைக்கு வியர்த்து ஊற்றியது. முதல் தடவை நடுவில் ரயில் வந்துவிட்டது. இரண்டாவது முழுசாக முடிந்தது. எனக்குப் பிரமாதமாகப் பட்டது. அவள் மட்டும் முடித்ததும் உதட்டைச் சுழித்தாள்.

"இது வேணாம்ப்பா. கடைசில பல்லவி எடுக்கிற இடத்துல தப்பு. குரலும் அடைச்சிருக்கு."

குரல் அடைத்திருந்தது எனக்கே தெரிந்தது. இன்னொன்றை நான் காதில் வாங்கவே இல்லை. மூன்றாவதில் மேல் ஸ்வரத்தில் குரல் உடைந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மத்தியானம் ரவாங்கில் ஒரு நிச்சயதார்த்தம் எடுக்கப் போக வேண்டும், மணி ஆகிக்கொண்டிருக்கிறது. "லட்சணமா பாடத் தெரியலன்னா எதுக்கு லா போட்டி?" என்று கத்தினேன். இன்னும் நிறையச் சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவள் அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்து நான்காவது தடவை பாடினாள்.

நான்காவது தடவை அவள் பாடியதைக் கேட்டு, கீழ்வீட்டு ஆன்டி படியேறி வந்து கதவைத் தட்டி, "யாரு, பாப்பாவா பாடினது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்படி இருந்தது குரல். ஆனால் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கண் இரண்டும் சிவந்து, இமை வீங்கி, மூக்கு நுனி மினுமினுத்தது. பெற்றவன் போட்டு அடித்துவிட்டுப் பாட வைத்த மாதிரி இருந்தது. நான் அடிக்கவில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? லண்டனிலும் டொரோண்டோவிலும் உட்கார்ந்துகொண்டு என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? எனக்கு அந்தக் கவலைதான்.

மறுநாள் கிள்ளானில் என் மேஜையில் உட்கார்ந்து இரண்டாவதின் முகத்தையும் நான்காவதின் குரலையும் சேர்த்தேன். சுதி ஒன்றே, போனில் தம்புரா ஆப்பில் வைத்தது. வேகம்தான் கொஞ்சம் முன்னே பின்னே. இங்கே ஒரு இழுப்பு, அங்கே ஒரு நறுக்கு. வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில், ஸ்வரம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், குரலில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. படத்தில் வாய் அதற்கு முன்பே திறந்துவிட்டது. சும்மா இருக்கும் இடம்தானே என்று அந்த இடைவெளியை வெட்டினேன். வாயும் குரலும் அழகாக உட்கார்ந்துவிட்டன. டீ குடித்துவிட்டு வந்து உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. பதிவு குறித்து ஒரு சந்தேகம், சனிக்கிழமை மத்தியானம் நடுவர்கள் பிள்ளையுடனும் பெற்றோருடனும் இணையத்தில் பேச விரும்புகிறார்கள். அப்போதுதான் அவள் அந்த வீடியோவை முதல் முறையாகப் பார்த்தாள். கடைசிவரை பார்த்தாள்.

"பாட்டு நாலாவது. மூஞ்சி ரெண்டாவது."

"எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க. யாரு கண்டுபிடிக்கிறது?"

"கையைப் பாருங்கப்பா," என்றாள்.

பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் காட்டினாள். ஆதி தாளம். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, கையைத் திருப்பிப் போடும் வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை. இந்தப் பாட்டில் பல்லவி எப்போதும் முதல் தட்டில்தான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது தடவை அவள் அவசரத்தில் ஒரு எண்ணிக்கை முன்னால், கை வீச்சில் இருக்கும்போதே எடுத்துவிட்டாள். அதனால்தான் வேண்டாம் என்றாள். நான்காவதில் பொறுத்திருந்து சரியாகத் தட்டில் எடுத்தாள். அந்தப் பொறுத்திருந்த ஒரு எண்ணிக்கையைத்தான் நான் சும்மா இருக்கும் இடம் என்று வெட்டியிருந்தேன். தப்பே இல்லாமல் பாடியிருந்த பாட்டில், அவள் வேண்டாம் என்று ஒதுக்கிய தப்பைத் திரும்பக் கொண்டுபோய் வைத்திருந்தேன். அழுத முகத்தோடு அப்படியே அனுப்பியிருந்தால் ஒரு குறையும் இருந்திருக்காது.

சனிக்கிழமை திரையில் மூன்று நடுவர்கள். நடுவிலிருந்த அம்மையார்தான் பேசினார். நல்ல மனுஷி. கோபமே இல்லை.

"கண்ணா, குரல் ரொம்ப நன்னா இருக்கு. ஆனா பல்லவிக்குத் திரும்பற இடத்துல உன் கை வீச்சுல இருக்கு, பாட்டு வந்துடறது. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் கையும் பாட்டும் சேரவே இல்ல. சத்தத்தை யாராவது தனியா சேர்த்தாளோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். அதான் கேட்டுடலாம்னு."

கேள்வி அவளுக்கு. பதில் சொன்னது நான். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகத் திறந்தது.

"சின்னப் பிள்ளை மேடம். வீட்டுல பாடும்போதே அந்த இடத்துல தாளம் விட்டுடுவா. நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்."

நான் சொன்னேனாம். தட்டு எது, வீச்சு எது என்று இரண்டு நாளைக்கு முன்புதான் தெரிந்துகொண்டவன்.

திரையின் மூலையில் எங்கள் இரண்டு பேரின் முகமும் சின்னக் கட்டத்தில் தெரிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்ததை நான் அந்தக் கட்டத்தில்தான் பார்த்தேன். நேராகப் பார்க்க முடியவில்லை.

"அப்படியா கண்ணா? ஒரே தடவையில பாடினதுதானே இது?"

"ஆமா மேடம்," என்றாள். "நான்தான் தாளம் விட்டுட்டேன்."

அம்மையார் சிரித்து, இதற்கெல்லாம் வருத்தப்படக் கூடாது, நிறையப் பயிற்சி செய் என்று ஆசீர்வாதம் செய்தார். இணைப்பை அணைத்ததும் அவள் எழுந்து போய் முகம் கழுவினாள். நான் போய்க் கார் கழுவினேன்.

முடிவு வந்தது. பரிசு இல்லை. ஒரு ஊக்கச் சான்றிதழ், கூடவே நடுவர் குறிப்பு: குரல் வளம் சிறப்பு, தாளத்தில் கவனம் தேவை. டீச்சருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. டீச்சர் திட்டவில்லை. வாட்ஸ்அப்பில் சான்றிதழைப் போட்டு வாழ்த்துகூடச் சொன்னார். அடுத்த வகுப்புக்கு அவளை அழைத்துப் போய் வாசலில் செருப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தபோது, சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் வேறொரு பெண் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். என் மகள் போய்க் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்தாள்.

அன்று காரிலேயே உட்கார்ந்து, ஏற்பாட்டாளர்களுக்கும் டீச்சருக்கும் சேர்த்து ஒரு கடிதம் தட்டினேன். என்ன செய்தேன், எப்படிச் செய்தேன், தப்பு முழுக்க என்னுடையது, அவள் நான்காவது தடவை பாடியதன் அசல் பதிவு இதோ இணைப்பில். எதையும் மறைக்கவில்லை. நெஞ்சில் உள்ளதை எல்லாம் கொட்டி எழுதினேன் என்று எனக்கே ஒரு பெருமை. வகுப்பு முடிந்து அவள் காரில் ஏறியதும் போனை நீட்டினேன்.

"படிச்சுப் பாரு. அனுப்பிடறேன்."

படித்தாள். இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன்.

"அனுப்பாதீங்கப்பா."

"ஏன்? உன் பேரு போச்சே."

"அனுப்பினா, நானும் பொய் சொன்னேன்னு ஆகிடும். அந்த மேடம் என்னைத்தானே கேட்டாங்க? இப்ப தாளம் வராதவள்னுதான் நினைக்கிறாங்க. பரவால்ல. அதுவே இருக்கட்டும்."

நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எது சரி என்று சொல்ல வேண்டியவன் நான்தான். என்னைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய் அது என்று டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். இவளை ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அது அப்போதே தெரியும்.

கடிதத்தை அழித்தேன். அழித்ததும் எனக்குள் வந்தது வருத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது.