அக்கா வீட்டுத் தொட்டி ஏன் சுடவில்லை?

போன சனிக்கிழமை அருப்புக்கோட்டையிலிருந்து மச்சான் போன் செய்தார். "மாப்ளே, ஒடனே கெளம்பி வா. தொட்டி சுட மாட்டேங்குது."

எந்தத் தொட்டி என்று கேட்கிறீர்களா? ஹாட் டப்! சினிமாவில் பணக்காரர்கள் கையில் ஜூஸ் கிளாஸோடு உட்கார்ந்திருப்பார்களே, அதேதான். சித்திரையில் குழாயைத் திறந்தாலே வெந்நீர் கொட்டும் ஊரில் ஒருவர் அதை வாங்கிப் போட்டிருக்கிறார் என்றால்... அது என் மச்சானாகத்தான் இருக்கும்.

கிண்டலை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் வாங்கியது என் அக்காவுக்காக. அவளுக்கு இரண்டு முட்டியிலும் வலி. தினமும் கொஞ்ச நேரம் வெந்நீரில் உட்காரச் சொன்னார் டாக்டர். கம்பெனி ஆட்கள் வந்து நிரப்பிக் கொடுத்த புதிதில் தொட்டி நன்றாகத்தான் சுட்டது. அக்காவும் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தாள். பிறகு தண்ணீர் ஆறிப்போனது. வலி திரும்பி வந்துவிட்டது. நான் போனபோது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

கீழே மச்சானின் மிளகாய் வத்தல் கமிஷன் கடை, மேலே வீடு. மாடியிலேயே, வீட்டின் பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே தொட்டி. கையை விட்டுப் பார்த்தேன் — ஜில்! ஸ்கிரீனில் ஏதோ மூன்று எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

"கரண்ட்டு பாத்தீகளா?"

"பாளையம்பட்டி எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டாரு. லைன்ல ஒண்ணுமில்லைன்ட்டாரு."

"ஃபில்டரு?"

"நானே கழட்டிக் கழுவுனேன் மாப்ளே. ஒரே வத்தல் தூசி."

கம்பெனிக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். ரொம்பப் பொறுமைசாலி.

"தண்ணி போதுமான அளவு இருக்கா சார்?"

"நெறைய இருக்கும்மா. ஒரு தெருவே குளிக்கலாம்!"

மச்சான் பொய் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளைத் திருவிழாவாகக் கொண்டாடும் ஊரில், முட்டி ஆழத் தண்ணீருக்கு 'நிறைய' என்றுதானே பெயர்?

"அப்ப ஹீட்டர் போயிருக்கலாம் சார்" என்றது குரல். மச்சானின் முகம் சுருங்கிவிட்டது. "போதும் மாப்ளே. திங்கக்கெழம வண்டிய வரச்சொல்லித் திருப்பி ஏத்திவிட்டுர்றேன்."

பக்கத்தில் நின்ற அக்கா முட்டியைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள். எனக்கு மனசே சரியில்லை.

மறுநாள் காலை. காபி கிடைக்குமா என்று எழுந்து வந்தால், பின்பக்கம் தண்ணீர் மொள்ளும் சத்தம். எட்டிப் பார்த்தேன்... அக்கா! தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு வாளியை நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

"என்னக்கா பண்ற?"

"வாசத் தெளிக்கடா. இம்புட்டுத் தண்ணியச் சும்மா போட்டு வச்சிருந்தா மனசு கேக்குதா?"

"தெனமுமா?"

"ஆமா. வாசலுக்கு, படி கழுவ, பாத்ரூமுக்கு..."

"மச்சானுக்குத் தெரியுமா?"

"வெயிலு குடிச்சிருதுன்னு அவுகளே சொல்லிக்கிறாக. நான் எதுக்கு வாயத் தொறக்குறேன்?"

இந்த முட்டியை வைத்துக்கொண்டு, வாளித் தண்ணீரோடு, மாடிப்படி! வலி ஏன் திரும்பி வந்தது என்று இனி டாக்டரிடம் கேட்க வேண்டுமா என்ன? கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அந்தப் பெண் குரலுக்கே மறுபடி போன் போட்டேன். "உள்ளே ஒரு கோடு இருக்கும் சார். தண்ணி அதுக்கு மேல இருக்கா?" என்றாள். இதை நேற்றே கேட்டிருக்கக் கூடாதா தாயே! தண்ணீர் அந்தக் கோட்டுக்கு எவ்வளவோ கீழே கிடந்தது. அதற்குக் கீழே போனால் மோட்டார் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்குமாம். தண்ணீர் ஓடாவிட்டால் ஹீட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுமாம். ஸ்கிரீனில் மின்னிய மூன்று எழுத்தும் அதைத்தான் சொன்னதாம்.

மச்சானைக் கூப்பிட்டேன். "தண்ணி கொறஞ்சா நீங்க எதுவரைக்கும் நெரப்புவீக?"

கோட்டுக்கு ஒரு சாண் கீழே விரலை வைத்துக் காட்டினார். "அதுக்கு மேல ஊத்தக் கை வரல மாப்ளே. காசு குடுத்து வாங்குற லாரித் தண்ணியாச்சே!"

சரிதான்! இவர் குறைத்து ஊற்ற, அவள் மொண்டு போக... பாவம், ஹீட்டர் என்னதான் செய்யும்? எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீரைச் சேர்க்கத் தெரியும், மிச்சம் பிடிக்கத் தெரியும். சும்மா இருக்க விட மட்டும் தெரியாது. மெஷின் செய்த வெளிநாட்டுக்காரருக்கு இது எப்படித் தெரியும்?

நான் பக்கத்திலேயே நின்று, கோடு மறையும்வரை மச்சானை ஊற்ற வைத்தேன். சாயங்காலம் ஆவி பறந்தது! "ஆத்தாடி..." என்று கண்ணை மூடி உட்கார்ந்தாள் அக்கா. கீழேயிருந்து வந்த வத்தல் நெடியில் தும்மினாள். தும்மிவிட்டுச் சிரித்தாள். "வண்டி வேணாம்னு சொல்லிரு மாப்ளே" என்று என்னிடம் போனை நீட்டினார் மச்சான்.

ஓர் ஒப்பந்தமும் போட்டோம். குளித்து முடித்த தண்ணீரை மச்சானே வாசலுக்குச் சுமப்பார். கோடுவரை திரும்ப நிரப்புவார். அக்கா வாளியைத் தொடவே கூடாது. சம்மதம் என்று நல்லபிள்ளையாகத் தலையாட்டினாள்.

நேற்று வீடியோ காலில் வந்தார் மச்சான். "உங்க அக்காளப் பாரு மாப்ளே!" பார்த்தேன். மாடிப்படியில் விறுவிறுவென்று இறங்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் கவனித்தேன். பிடிக்கக் கை ஏது? இரண்டு கையிலும் வாளி!