போயிட்டு வான்னா வரணும்

தையல்காரிக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் ‘பார்க்கலாம்’. மகளின் பள்ளிப் படிப்பு முடிந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்காமல் அவள் எந்த அலுவலகத்திலிருந்தும் திரும்பியதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனாவை மூடிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, இனிமையாக “பார்க்கலாம்மா” என்பார். பக்கத்தில் இருக்கும் மகள் உடனே கேட்பாள்: “எதை?”

கிண்டலுக்கு இல்லை. அவளுக்குச் சொல் என்றால் சொல்தான். அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது கண்ணில் படாது. சிறப்புப் பள்ளியில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் வயது வந்துவிட்டது, இனி இங்கே வைத்துக்கொள்ள விதியில்லை என்று சொல்லி, கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பூ வாடுவதற்குள் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் கடிக்க ஆரம்பித்தாள். பள்ளிவிட்டு வந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், கேட்டால் மட்டும் தலையாட்டுகிறவளாக ஆனாள். ‘மகாராணி’ என்று கூப்பிட்டு வம்பிழுக்கும் அப்பாவுக்குக்கூட பதில் வரவில்லை. இப்படியே விட்டால் உள்ள பேச்சும் போய்விடும் என்று தையல்காரி அவளைக் கூட்டிக்கொண்டு இடம் இடமாக ஏறி இறங்கினாள்.

ஒரு பயிற்சி மையத்தில் மெழுகுவர்த்தி செய்யச் சொன்னார்கள். இன்னொன்றிலும் மெழுகுவர்த்தி. வேறொரு இடத்தில் காகிதப் பை. கொஞ்சம் மாறுதலாக இருந்தது, ஆனால் இடம் இல்லை. “ஊர்ல கரண்டே இல்லாத மாதிரி ஆளாளுக்கு மெழுகுவர்த்தி உருட்டறாங்க, யாருதான் வாங்கறாங்க அதை?” என்று பேருந்து ஓட்டிவிட்டு அலுத்து வந்த கணவரிடம் கத்தினாள். ஏதோ அவர்தான் வாங்காமல் இருப்பது போல.

உன் கடையிலேயே வைத்துக்கொள்ளேன், உனக்கும் ஒத்தாசை என்றாள் நாத்தனார், தொலைபேசியில். அதையும் செய்து பார்த்தாயிற்று. புதுக் கால்சட்டையோடு வந்த ஒருவர், “காலைக் கொஞ்சம் வெட்டணும்மா” என்றார். மகள் கத்தரிக்கோலைத் தூக்கி ஒளித்துவிட்டாள். கடை மூடும்வரை கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில், சும்மா சில நாள் வந்து பழகட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். தையல்காரி அங்கிருந்த மேற்பார்வைக்கார அம்மாவிடம் ஒன்று விடாமல் சொல்லிவைத்தாள்: பின்னாலிருந்து தொடக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், இயந்திரம் கூவினால் காதைப் பொத்திக்கொள்வாள், பயப்பட வேண்டாம். மகள் துண்டு மடித்தாள். மெதுவாகத்தான். ஆனால் ராத்திரி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு திரும்பி வந்தது. பெரிய துண்டு, சின்னத் துண்டு, ஓரம் பிரிந்த துண்டு. துண்டைத் தவிர வேறு பேச்சில்லை. அப்பா கொட்டாவி விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

பழகும் நாட்கள் முடிந்த அன்று மாலை மேற்பார்வைக்கார அம்மா போன் செய்தாள். நல்ல பெண்தான், வேகம்தான் போதவில்லை, வேறு ஏதாவது வந்தால் பார்க்கலாம் என்றாள். தையல்காரி போனை வைத்த வேகத்தில் மேசையிலிருந்த ஊசிப் பெட்டி கவிழ்ந்தது. மகளிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் மகள் இல்லை. சாப்பாட்டு டப்பாவும் இல்லை.

ஈரத் தலையோடு பேருந்து பிடித்து ஓடினாள். ஹோட்டலின் அடித்தளத்தில், நீராவிக்கு நடுவே, மகள் தன் மேசையில் நின்று துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வைக்கார அம்மா இடுப்பில் கை வைத்தபடி வந்தாள்.

“என்னம்மா இது? நேத்துதான் முடிஞ்சுதுன்னு சொன்னேனே.”

“என்கிட்ட சொன்னீங்க. அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“போயிட்டு வாம்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்வாங்க?”

தையல்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் யாரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்வதில்லை. மகளின் சின்ன வயதில் அப்பா ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டுப் போய், அவர் வரும்வரை குழந்தை வாசற்கதவை விட்டு நகரவில்லை. அதிலிருந்து ‘போறேன், ராத்திரி வருவேன்’தான். கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அது வீட்டுக்குப் பழகிப்போய், இங்கே சொல்லிவைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

“போகச் சொல்றதா இருந்தா போன்னு சொல்லியிருக்கணும்” என்றாள்.

“கிளம்பி நிக்கிற பொண்ணைப் பாத்து, போன்னு எந்த வாயால சொல்றது?”

“அப்ப இப்ப சொல்லுங்க. என்னால ஆகாது. உங்க வாயாலேயே சொல்லுங்க.”

மேற்பார்வைக்கார அம்மா மகளின் எதிரே போய் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

மகள் நிமிராமலே, “போயிட்டு வான்னீங்க. போனேன். வந்துட்டேன்” என்றாள்.

பின்னால் ஒரு தள்ளுவண்டி நிறைய உலர்ந்த துண்டுகளை உருட்டி வந்த இயந்திரக்காரர், மடிக்கிறவள் பிரசவ விடுப்பில் போயாயிற்று, ஆள் எங்கே, இருக்கிறவளையும் விரட்டினால் மேல்மாடிக்காரர்கள் தலையை உங்கள் புடவையிலா துவட்டுவார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். மேற்பார்வைக்கார அம்மா அவர் போன திசையை முறைத்தாள்.

“சரி. விடுப்புல போனவ வர்ற வரைக்கும் இருக்கட்டும். காலைல மட்டும். சம்பளத்துக்கு நான் மேல பேசறேன்.”

“அவ வந்த பிறகு?” என்றாள் தையல்காரி.

“அப்ப பார்க்கலாம்.”

மகள் மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“எதை?”

மேற்பார்வைக்கார அம்மா உதவிக்குத் தாயைப் பார்த்தாள். தையல்காரி ஓரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீங்களே சொல்லுங்க. சொல்ற வரைக்கும் விடமாட்டா. நானும் கேட்டுக்கறேன்.”