கேள்விக்காரியின் கடைசிக் கேள்வி

அக்கம்பக்கத்தில் அவளுக்குக் கேள்விக்காரி என்றுதான் பெயர். வீட்டில் ஓயாத வாய். எலக்ட்ரீஷியன் கணவர் ஏணியில் நிற்கும்போதுகூட போன் போட்டுக் கதை சொல்வாள். ஆனால் கருத்துக்கணிப்பு வேலைக்காகப் பேர் போட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, டேப்லெட்டைக் கையில் எடுத்துவிட்டால் ஆளே வேறு. அந்தப் பெரிய மாவட்டத்தில் எத்தனையோ இனத்தார் வாசலில் நின்று, யாருக்கு ஓட்டு, எந்தக் கட்சி உங்களைக் கண்டுகொள்கிறது, போலீஸை நம்புகிறீர்களா என்று கேட்டவள். யார் என்ன சொன்னாலும் தலையாட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது, அபிப்பிராயம் சொல்லவே கூடாது. வெளியே அடக்கியதையெல்லாம் சேர்த்து வைத்துத்தான் வீட்டில் கொட்டுகிறாள் என்பார் கணவர்.

அன்று ஆபீஸ் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுத்த முகவரிகளில் ஒன்றைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையல்காரர் வீடு. அவர் மகளைத்தான் இவள் மகன் விரும்புகிறான். அவர்கள் வேறு இனம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இன்னும் முகம் பார்த்துக்கொண்டதில்லை. பெண்ணின் அப்பா சம்மதிப்பாரோ மாட்டாரோ என்று பையனுக்குச் சோறு இறங்கவில்லை.

தெரிந்தவர்களைப் பேட்டி எடுக்கக்கூடாது என்பது விதி. ‘பாக்காதவங்க எப்படித் தெரிஞ்சவங்க ஆவாங்க?’ என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு கதவைத் தட்டிவிட்டாள். பெற்ற மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தையல்காரர் அவளுடைய அட்டையை ஒரு பார்வை பார்த்தார். உட்காரச் சொல்லிவிட்டு, மிஷினை மிதித்தபடியே பதில் சொன்னார்.

“எங்க ஆளுங்களை எலெக்‌ஷன் வந்தாத்தான் கட்சிக்காரங்களுக்கு ஞாபகம் வருது. இருந்தாலும் ஓட்டு போடுவேன். போடலைன்னா அந்த ஞாபகமும் வராது.”

அவள் பதிந்துகொண்டே போனாள். ஒருவழியாகக் கடைசிக் கேள்வி வந்தது. எழுதியிருப்பதை அப்படியே வாசித்தாக வேண்டும்.

“வேற இனத்தைச் சேர்ந்த ஒருத்தர் உங்க குடும்பத்துல கல்யாணம் பண்ணிக்கிறதை ஏத்துக்குவீங்களா? ஏத்துக்குவேன், மாட்டேன், சொல்லத் தெரியல. இதுல ஒண்ணு சொல்லுங்க.”

மிஷின் நின்றது.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

“நான் எதுவும் சொல்லக்கூடாதுங்க.” பாவம், அதைச் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“உங்க வீட்டு விஷயத்துக்கு நீங்க வாயைத் திறக்கலைன்னா, நான் மட்டும் எப்படிம்மா சொல்றது?” அவர் அட்டையைக் காட்டினார். “அந்தப் பேரைத்தான், பையனோட அம்மா பேருன்னு எங்க பொண்ணு பல மாசமா சொல்லிட்டிருக்கா. என்னைக்காவது வந்து கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வந்தீங்க. வந்து, போலீஸை நம்புறீங்களான்னு கேக்குறீங்க.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ‘தெரிந்தவர், பேட்டி செல்லாது’ என்று அழுத்தி டேப்லெட்டை மூடினாள். மேலதிகாரி திட்டுவார், திட்டட்டும். அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, இந்த வேலைக்கு வந்த பிறகு முதல் முறையாக, வாசிக்காமல் கேட்டாள்.

“அண்ணே, உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் குடுப்பீங்களா?”

தையல்காரர் நூலை அறுத்தார்.

“ஏத்துக்குவேன்னு போட்டுக்கோம்மா.”